வேனில் அக்காவுக்கு ஒரு கழிப்பறை

வைகாசி 12, செவ்வாய்

அரை மணிக்கொரு தடவை சிறுநீர் முட்டும் என்பதால் அக்கா ஏழு வருடமாகத் திருச்செந்தூர் போகவில்லை. அவளுக்காகத்தான் என் வேனுக்குள் கழிப்பறை வைக்கத் துணிந்தேன். பட்டத்து யானைக்கு இடம் பார்ப்பதுபோல் ஒரு மாதம் ஆராய்ந்தேன். மரத்தூள் தூவி மூடுகிற வாளி நாறும். நடுவில் ஓட்டை வைத்த மடக்கு நாற்காலி ஆடும். அடியிலுள்ள தொட்டியைக் கழற்றிக் கொட்டுகிற பெட்டிக் கழிப்பறையே என் சாம்ராஜ்யத்துக்கு உகந்தது என்று இன்று தீர்ப்பளித்தேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். வேன் பட்டறையில் பத்துப் பேர் முன்னால், "பெரிய தொட்டியாப் போடும்வே. எங்க அக்கா ஒரு தடவ போனா தாமிரபரணியில வெள்ளம்லா வரும்" என்று முழங்கினேன். எல்லோரும் சிரித்தார்கள். சாயங்காலத்துக்குள் அந்தப் பேச்சு எங்கள் தெருவுக்கு வந்துவிட்டது.

அக்கா கோபப்படவில்லை. இட்லியை வைத்துவிட்டு, "நீ போயிட்டு வாலே. நான் வரலை" என்றாள்.

"வெளையாட்டுக்குச் சொன்னேன்க்கா."

"ஒனக்கு வெளையாட்டு. இனி வேன்ல அந்தக் கதவத் தொறந்தா, எல்லாரும் காதத் தீட்டிக்கிட்டுல்லா இருப்பாங்க."



இப்போது குளியலறையில் அக்கா குழாயை முழுக்கத் திறந்துவிட்டிருக்கிறாள், சத்தம் எனக்குக் கேட்கக் கூடாதென்று. இத்தனை வருடத்தில் இன்றுதான் அப்படிச் செய்கிறாள்.