செவ்வாய்க்கிழமைக்குத் திரும்பி வந்தவருக்கு

என் அன்புக்குரிய லாயோஷ் அண்ணை,

தமிழில்தான் எழுதுகிறேன். உங்களுக்கு ஒரு எழுத்தும் விளங்காது, தெரியும். இத்தனை வருடம் உங்களோடு ஆங்கிலத்தில் மல்லுக்கட்டியது போதும், இனியாவது என் வாய்க்கு வந்தபடி பேசவிடுங்கள். நீங்கள் சொன்னவற்றையும் எங்கள் பேச்சிலேயே எழுதப் போகிறேன். கோபிக்க வேண்டாம்.

நீங்கள் போய் இன்னும் முப்பத்தொராம் நாள்கூட வரவில்லை. உங்கள் சாம்பல் ஒரு சின்னப் பெட்டிக்குள் இருக்கிறது. புடாபெஸ்டிலிருந்து உங்கள் தங்கை மகள் இல்டிகோ நேற்றுப் போன் எடுத்தாள். உங்களை அங்கே கொண்டுபோய் உங்கள் அம்மாவுக்குப் பக்கத்தில் வைப்பதா, ரொறன்ரோவிலேயே விடுவதா என்று என்னிடம் கேட்கிறாள். கடைசிக் காலத்தில் உங்களோடு அதிகம் பேசியது நான்தானாம். என்ன மனிதர் நீங்கள்? ஒரு குழலுக்கு எவ்வளவு மூச்சு வேண்டும் என்பதைக்கூடப் பென்சிலால் குறித்து வைக்கிறவர், இதைப் பற்றி ஒரு சொல் சொல்லாமல் போகலாமா?

இதை வாசிக்கிறவர்களுக்கு உங்களைச் சொல்ல வேண்டும். ஹங்கேரியில் ஒரு மருந்துக்கடைக்காரரின் மகன். புடாபெஸ்டில் இசை படித்து, மீசை ஒழுங்காக முளைக்க முன்னமே ஒபெரா மேடையில் இசைக்குழுவை நடத்தியவர். கூட்டுப் பாடகர்களுக்கும் இசைக்குழுவுக்குமாக நீங்கள் எழுதிய முதல் பெரிய படைப்பு ஒத்திகையோடு நின்றுபோனது. மக்களுக்கு விளங்காத சத்தம் என்று மேலிடம் சொல்லிவிட்டது. ஐம்பத்தாறில் தெருவுக்கு ரஷ்ய டாங்கிகள் வந்தபோது, அம்மாவை விட்டுவிட்டு எல்லையை நடந்து கடந்தீர்கள்.

ரொறன்ரோவுக்கு வந்து முதலில் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினீர்கள். எங்கள் ஆட்களும் அந்த வாசலால்தான் உள்ளே வந்தவர்கள் என்று நான் சொன்னபோது வயிறு குலுங்கச் சிரித்தீர்கள். பிறகு நடன வகுப்புகளுக்குப் பியானோ வாசித்து, வானொலி இசைக்குழுவை நடத்தி, கல்லூரியில் படிப்பித்து, இடையிடையே எழுதிக்கொண்டே இருந்தீர்கள். எழுதியவை எல்லாம் மேடை ஏறின, ஒவ்வொன்றும் ஒரேயொரு தடவை. அரங்கேற்றமும் பிரியாவிடையும் ஒரே நாளில் முடிந்துவிடுவதால் உடுப்புத் தோய்க்கிற வேலை மிச்சம் என்பீர்கள்.

நான் உங்களைக் கண்டது மில்லிக்கனில், அந்தப் பாடசாலை மண்டபத்தில். ஓய்வு பெற்ற பிறகும் சும்மா இருக்க முடியாமல், செவ்வாய்க்கிழமைகளில் அக்கம்பக்கத்து ஆட்களைச் சேர்த்துக் கூட்டுப் பாடகர் குழு ஒன்று நடத்தினீர்கள். என்னோடு மார்க்கம் நகரில் வேலை செய்தவள் என்னை இழுத்துக்கொண்டு வந்தாள். முதல் நாளே என்னிடம் பாய்ந்தீர்கள்.

"சுரத்துக்கு நேரா வா. ஏன் வளைஞ்சு வளைஞ்சு வாறாய்?"

சின்ன வயதிலிருந்து கர்நாடக சங்கீதம் படித்தவள் நான். ஒரு சுரத்தை அசைக்காமல் தொட என் தொண்டைக்குத் தெரியாது. எங்கட சுரம் மொட்டையாய் நிற்காது என்று நானும் விடாமல் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, திரும்பப் பாடு, திரும்பப் பாடு என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை, எங்கள் கீழ்க்குரல் வரிசைக்கென்று அந்த வளைவுகளோடு ஒரு பகுதி எழுதிக்கொண்டு வந்தீர்கள். பக்கத்தில் நின்ற சீனத்து நர்ஸும் வங்கிக்காரப் பெண்ணும் அதைப் பாடப் பட்ட பாடு இருக்கிறதே, நினைத்தால் இப்பவும் சிரிப்பு வருகிறது.

உங்களுக்குக் கார் ஓட்டத் தெரியாது. உங்கள் அப்பார்ட்மென்ட் என் வழியில் இருந்தபடியால் நானே சாரதியும் ஆனேன். போகும்போது பாதிச் சண்டை, வரும்போது மீதி. ரொறன்ரோ ரசிகர்களைத் திட்டாத நாள் உண்டா? உங்கள் நாட்டில் கச்சேரி மனதைத் தொட்டால் முதலில் கலைந்து தட்டுவார்களாம், பிறகு யாரும் சொல்லாமலே எல்லாக் கையும் சேர்ந்து ஒரே தாளத்தில் விழுமாம். இங்கே எல்லாவற்றுக்கும் எழும்பி நிற்கிறார்கள், ஒருநாளும் சேர்ந்து தட்டுவதில்லை, எழும்புவதே பார்க்கிங்கிலிருந்து முந்தி வெளிக்கிடத்தான் என்பீர்கள். அந்த ஒரு சத்தத்துக்கு எவ்வளவு ஏங்கினீர்கள் என்று எனக்குத் தெரியும்.

அப்படிப்பட்டவரை, அங்கே கம்யூனிச ஆட்சி மாறிச் சில வருடங்களுக்குப் பிறகு, புடாபெஸ்டிலிருந்து கூப்பிட்டார்கள். ஒத்திகையோடு நின்ற அதே படைப்பை நீங்களே வந்து நடத்த வேண்டும் என்றார்கள். நீங்களோ காருக்குள் இருந்துகொண்டு, போகமாட்டேன், எனக்குக் கைதட்ட வேண்டியவர்கள் எல்லாம் செத்துப்போனார்கள் என்றீர்கள். எனக்கு வந்ததே ஒரு கோபம். என் அம்மா யாழ்ப்பாணத்தில், சண்டையால் பாதை பூட்டு, போய்ப் பார்க்க வழியில்லை.

"உங்களுக்குப் பாதை திறந்து கிடக்கு அண்ணை. எனக்கு உப்பிடித் திறந்தால் இந்தக் காரை நடுறோட்டில விட்டிட்டுப் போவன். போனால் திரும்பியும் பாக்கமாட்டன்."

அடுத்த கிழமை டிக்கெட் எடுத்துவிட்டீர்கள். மூன்று மாதம் நிற்பதாகத் திட்டம், இரண்டாவது கச்சேரியும் ஒழுங்காகியிருந்தது. பிடித்தால் அங்கேயே இருந்துவிடுவேன் என்றும் சொன்னீர்கள். விமான நிலையத்தில் உங்களைக் கட்டிப்பிடித்து அழுதேன். இனிக் காண மாட்டேன் என்றுதான் நினைத்தேன்.

ஒரு மாதம் ஆகவில்லை. செவ்வாய்க்கிழமை மண்டபத்துக்குள் போனால், பியானோவுக்குப் பக்கத்தில் சூட்கேசோடு நிற்கிறீர்கள். வந்ததும் வராததுமாய், கீழ்க்குரல்காரர் ஏன் பிந்தி வருகிறீர்கள் என்று பேச்சு வேறு.

காரில் திரும்பி வரும்போது கேட்டேன், சேர்ந்து தட்டினவையோ என்று. ஓம், மண்டபமே ஒரு கையாய்த் தட்டினது, நிற்கவே இல்லை என்றீர்கள். அம்மாவின் கல்லறையில் பூ வைத்ததையும் அப்போதுதான் சொன்னீர்கள்.

"பிறகேன் வந்தனீங்கள்?"

"ஏனெண்டு கேக்கிறாய்? இண்டைக்குச் செவ்வாய்க்கிழமை எல்லோ. ஒத்திகை."

சொந்த ஊரைத் தட்டில் வைத்துத் தந்தும், சுருதி சேராத எங்களிடம் ஓடி வருகிற மனிதரை என்னவென்று சொல்வது? எனக்கு அது விளங்கவும் இல்லை, பிடிக்கவும் இல்லை. நீங்கள் கடைசிவரை அங்கே திரும்பிப் போகவில்லை.

இங்கத்தைய புதினம் சொல்கிறேன். குழுவைப் பியானோ வாசிப்பவரே நடத்துகிறார், கை வீசுவது உங்களைப் போல இல்லை, ஆனாலும் பரவாயில்லை. வளைவுப் பகுதியை நர்ஸ் இப்போது என்னைவிட நன்றாக வளைக்கிறாள், எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். என் அம்மா சண்டையில் இடம்பெயர்ந்து போய்த் திரும்ப வீட்டுக்கு வந்துவிட்டா. பாதை இன்னும் பூட்டு.

இல்டிகோ கேட்டவுடன் என் வாய்வரை வந்தது, கொண்டுபோங்கோ என்பதுதான். அம்மாவுக்குப் பக்கத்தில் ஒரு இடம், இதைவிட ஒரு மனிதருக்கு என்ன வேண்டும்? நாளைக்குச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தேன். குசினிக்குள் வந்து நின்று யோசித்தேன். அது எனக்கு வேண்டியது. உங்களுக்கு வேண்டியதை நீங்கள் சூட்கேசோடு வந்து நின்று சொல்லிவிட்டீர்களே.

இன்றைக்குக் காலையில் நானே அவளுக்குப் போன் எடுத்தேன்.

"இஞ்சயே இருக்கட்டும் பிள்ளை. அவர் வீட்டை போய்ப் பாத்தவர். பாத்திட்டுத்தான் வந்தவர்."

அவள் கொஞ்ச நேரம் அழுதாள். கோடையில் வருகிறேன், இடத்தைக் காட்டுங்கள் என்றாள். குழு ஆட்களும் நானும் பிக்கரிங் கல்லறைத் தோட்டத்தில் ஒரு இடம் யோசித்து வைத்திருக்கிறோம். ரயில் சத்தம் கேட்கும், சுருதி சரியில்லை என்று நீங்கள் முணுமுணுக்கப் போவதும் தெரியும்.

அண்ணை, உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். பாதை திறந்தால் முதல் ஆளாய்ப் போவேன். அம்மாவின் பக்கத்தில் படுத்து, பேச வேண்டியதெல்லாம் பேசி, அழ வேண்டியதெல்லாம் அழுவேன். பிறகு திரும்பி வருவேன். ஓம், நான்தான் சொல்கிறேன், வருவேன். வந்து உங்களுக்குப் பக்கத்தில் இருந்து, ஒன்றும் விடாமல் சொல்வேன்.

உங்கள் கூடப்பிறக்காத தங்கச்சி,
சறோ