ஆம்ப்ளிஃபயருக்குப் பீர் ஊற்றிய கதை

ஒருரோ நகரத்து மகாராணி நிக்கொலாசா அவர்களின் சமூகத்துக்கு, புவனோஸ் ஐரிஸிலிருந்து உன் கணவன் தெயோடோரோ எழுதுவது. நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

கீபோர்டு விக்டரின் இடது கையே பேஸ் கிதார் வேலையையும் பார்த்துவிடும், தனியாகப் பேஸ் வாசிக்க ஓர் ஆள் எதற்கு என்று எங்கள் இசைக்குழுத் தலைவர் எவுசேபியோ என்னை மிரட்டிக்கொண்டிருந்தார் அல்லவா? அதனால் என் பேஸ் கிதாருக்குப் புது ஆம்ப்ளிஃபயர் வாங்கினேன். ஒத்திகையில் ஒரு தந்தியைத் தட்டியதும் மூன்று தெரு தள்ளியிருந்த சேவல் முட்டையிட்டது. "இதுதான்யா பேஸ்!" என்று தலைவரே துள்ளினார்.

சனிக்கிழமை கல்யாணக் கச்சேரி. "புதுப் பொருளாச்சே, பூமித்தாய்க்குப் பங்கு குடுக்கணும்ல?" என்று அவர் பீர் பாட்டிலைத் திறந்தார். நம் ஊரில் புது லாரிக்குப் பீர் தெளிப்பதை நான் குறை சொன்னேனா? ஆனால் டயரில் தெளிப்பார்களா, இஞ்சினுக்குள் ஊற்றுவார்களா? காற்றுத் துளை வழியே அரை பாட்டில்! ஆம்ப்ளிஃபயர் ஒரு ஏப்பம் விட்டு அடங்கியது.

"கவலப்படாதண்ணே, என் இடது கை இருக்கு" என்று இளித்தான் விக்டர்.

ஊமைக் கிதாரை மாட்டிக்கொண்டு நான்கு மணி நேரம் விரலை மட்டும் அசைத்தேன். முந்நூறு பேர் ஆடினார்கள். ஒருத்தராவது பேஸ் எங்கே என்று கேட்க வேண்டாமா? மாப்பிள்ளையின் அப்பா என் கையைப் பிடித்து, "இன்னிக்கு உங்க பேஸ் பிரமாதம்!" என்றார். அதைக் கேட்ட தலைவர், "அடுத்த வாரமும் வந்துடுய்யா" என்றார். வேலை தப்பியது. எனக்கு வயிறு எரிகிறது.

கம்பளிக் காலுறையும் காய்ந்த உருளைக்கிழங்கும் அனுப்பு. பேருந்து வந்துவிட்டது. ஒன்றை மட்டும் பொய் சொல்லாமல் எழுது: வீட்டில் என் குறட்டை இல்லாதது உனக்காவது தெரிகிறதா?

அவசரத்தில்,
தெயோடோரோ