பர்வீனின் கால்கள்

செவ்வாய், இரவு.

குமணன்சாவடி சிக்னலில் இன்று கார் ஆஃப் ஆகிவிட்டது. பின்னாலிருந்து ஆட்டோக்காரர், "இன்னாம்மா, வண்டிய தூங்க வெச்சிகினு கீற?" என்றார். ஓட்டக் கற்றுத்தரும் பர்வீன் பக்கத்து சீட்டிலிருந்து கை நீட்டவில்லை. நானே கிளப்பி நசரத்பேட்டை வரை ஓட்டினேன்.

"நல்லா ஓட்றீங்கக்கா" என்று தினமும் சொல்வாள், நான் நம்பியதில்லை. அவள் காலடியிலும் கிளட்ச், பிரேக் இருக்கின்றன. முதல் வாரம் ஓட்டியதே அவள் கால்கள்தான். இன்று வண்டியை நிறுத்தியதும் பார்த்தேன், சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"எப்போலேர்ந்து இப்படி?"

"சிக்னல் தாண்டனதுமே தூக்கி வெச்சிட்டேன்க்கா. எனக்கு அங்க இன்னா வேல?"

திட்டியிருக்க வேண்டும். சிரித்துவிட்டேன்.

துறைத் தலைவர் பதவியை நிரந்தரமாக ஏற்கிறேனா என்று நாளை கல்லூரியில் சொல்ல வேண்டும். முதல்வரின் பாராட்டையும் நான் நம்பியதில்லை. ஆனால் தற்காலிகப் பொறுப்பில் நான் அனுப்பிய கோப்பு எதையும் அவர் திருத்தவில்லை. ஏற்கிறேன் என்று சொல்லிவிடலாம். பஸ்ஸில் போய்த்தான்.