அடைக்கலமேரியின் நேர்ச்சை ஆடும் தவசிமுத்துவின் நாடித்துடிப்பும்

அனுப்புநர்:
அ. ஹில்டா, பி.எஸ்ஸி.,
ஆய்வக உதவியாளர்,
வடகடல் இருதய ஆய்வு நிலையம்,
இராயபுரம், சென்னை-13.

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
மருத்துவ ஆராய்ச்சி மானியக் குழு,
சென்னை.

பொருள்: இருதயக் கருவி ஆராய்ச்சிக்காக வாக்குக் கொடுத்துப் பெற்ற ஆட்டைக் கொன்றதும், திரு. தவசிமுத்து என்ற நோயாளிக்குக் கொடுத்த வாக்கை மறுத்ததும் குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

நிலையத்தில் எனக்கு மேலே பலர் இருக்க, அவர்களைத் தாண்டித் தங்களுக்கு எழுதுவதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் அதிகம் பேசுகிறவள் அல்ல. பேச வேண்டிய ஒரு நாளில் வாய் திறக்காமல் நின்றுவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

1. என் தகப்பனார் அம்புரோஸ் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். எங்கள் தெருவில் கல்லூரிப் படிப்பை முடித்தவள் நான் ஒருத்திதான். மருந்துச் சீட்டானாலும் கோர்ட்டு நோட்டீசானாலும் என்னிடம் கொண்டுவருவார்கள். அதில் என்ன இருக்கிறது என்று நான் சொல்கிறேனோ அதை நம்பிக்கொண்டு போவார்கள்.

2. நிலையத்தில் நடக்கும் வேலை தாங்கள் அறிந்ததே. இருதயத்தின் மேல் அறையில் பிறக்கும் துடிப்பு, மெல்லிய ஓர் இழை வழியாகக் கீழ் அறைக்கு இறங்குகிறது. அந்த இழை பழுதானால் கீழ் அறை தன்பாட்டுக்கு மெதுவாகத் துடிக்கும். ஆள் நின்ற இடத்தில் மயங்கி விழுவார். பேட்டரியால் இயங்கும் சிறு கருவி ஒன்று அந்தத் துடிப்பை ஈடுசெய்யும். அதைச் சோதிக்க, எங்கள் தலைமை ஆய்வாளர் டாக்டர் செல்வநாதன் அவர்கள் பிராணிகளின் நெஞ்சைத் திறந்து அந்த இழையை வெட்டிவிட்டுக் கருவியைப் பொருத்துகிறார். பிராணியைப் பிடித்துக்கொள்வதும் இ.சி.ஜி. எடுப்பதும் என் வேலை. இந்த ஆராய்ச்சி கூடாது என்று நான் சொல்லவில்லை. அது இல்லாமல் இந்த நோய்க்கு வழி பிறக்காது என்று இன்றும் நம்புகிறேன்.

3. எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவர் திரு. தவசிமுத்து. துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டியவர். பிராணிகளுக்குச் செய்வது போல வெட்டி உண்டாக்கிய நோய் அல்ல, அவருக்கு அந்த இழை தானாகவே பழுதாகியிருக்கிறது. ஒரு நாள் சரக்கு அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருக்க, இவர் விசைப்பிடியின் மேலேயே சாய்ந்துவிட்டார். அன்றோடு வேலை போயிற்று. இப்போது வாரத்தில் ஒரு முறையாவது விழுகிறார். அடுத்த முறை எழுந்திருப்பாரா என்பது யாருக்கும் தெரியாது. அவர் மனைவி அடைக்கலமேரி, அவர் பிழைக்க வேண்டும் என்று அந்தோணியாருக்கு ஓர் ஆட்டை நேர்ந்துவிட்டார்.

4. நேர்ந்த ஆட்டுக்கு எங்கள் தெருவில் காதோரம் சிறிது கிள்ளி அடையாளம் வைப்பார்கள். அதன் பிறகு அதை யாரும் அடிக்கமாட்டார்கள். எந்த வாசலில் நின்றாலும் கஞ்சியோ பழத்தோலோ கிடைக்கும். அதனால் அது யார் தொட்டாலும் மிரளாது. நிலையத்து நாய்கள் தையலைக் கடித்துப் பிரித்துக்கொண்டிருந்தன. சந்தையில் வாங்கிய ஆடுகளோ மேசையில் நிற்காமல் துள்ளின. சாதுவான ஆடு எங்கே கிடைக்கும் என்று டாக்டர் கேட்டபோது இதைப் பற்றிச் சொன்னவள் நான்தான்.

5. டாக்டர் அவர்களே எங்கள் தெருவுக்கு வந்தார். அடைக்கலமேரி அக்கா தயங்கினார். அவர் சொற்களை அப்படியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளவும்: "நேந்துக்கின ஆடு சார் இது. விக்கவும் கூடாது, சும்மாவும் குடுக்கக் கூடாது. அந்தோணியாரு கோயிலு திருவிழாவுக்குக் கொடி ஏத்தறதுக்குள்ள உசுரோட வூட்டுக்கு வந்துடணும். அப்புறம், அதுக்கு மாட்டற மிஷின எங்க வூட்டுக்காரருக்கும் மாட்டணும்." டாக்டர் அவர்கள் ஆட்டின் நெற்றியில் கை வைத்து இரண்டுக்கும் சம்மதித்தார். எங்கள் வழக்கத்தில் நேர்ந்த பிராணியின் நெற்றியில் கை வைத்துச் சொன்ன சொல்லை மாற்றமாட்டார்கள். அதை முதல் நாளே என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் அவர் வந்தார். அதைப் பார்த்துத்தான் அவர்கள் கயிற்றைக் கொடுத்தார்கள். வேறு எழுத்துச் சான்று எதுவும் இல்லை.

6. அறுவை நன்றாக முடிந்தது. கருவியோடு ஆடு எழுந்து நின்று தழை தின்றது. தவசிமுத்து அண்ணன் பார்க்க வந்தார். ஆட்டின் தொடையில் நாடி பார்க்கக் கற்றுக்கொடுத்தேன். ஒரு கையை அதன் தொடையிலும் மறு கையைத் தன் மணிக்கட்டிலும் வைத்துக்கொண்டு, "இன்னா மாமு, எனுக்கு மாட்டப் போற மிஷின நீ போட்டுகினு டிரையல் பாக்கறியா? ரிப்பேர் இருந்தா இப்பவே சொல்லிடு" என்றார். அவர் விழத் தொடங்கிய பிறகு சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

7. சென்ற மாதம் வெளியூரிலிருந்து விருந்தினர்கள் நிலையத்தைப் பார்க்க வந்தார்கள். தவசிமுத்து அண்ணனையும் வரச்சொல்லி ஆட்டின் பக்கத்தில் நிறுத்தினார்கள். அவர் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். கருவி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று காட்ட, டாக்டர் அவர்கள் கருவியின் கம்பியைக் கழற்றினார். ஆடு முன்னங்கால் மடிந்து விழுந்தது. மாட்டியதும் எழுந்தது. விருந்தினரில் ஒருவர் படம் எடுக்கத் தவறிவிட்டேன் என்றதால் மறுபடி கழற்றினார். இம்முறை மாட்டிய பிறகும் எழவில்லை. உடனே அதன் இருதயத்தை எடுத்துக் கண்ணாடி ஜாடியில் போட்டு வைத்தார்கள். கொடியேற்றத்துக்கு இன்னும் நாள் இருந்தது.

8. அதன் பிறகு டாக்டர் அவர்கள் ஆங்கிலத்தில் பேசினார். அது சந்தையில் வாங்கிய ஆடு என்றார். தவசிமுத்துவைச் சுட்டி, இவருக்குக் கருவி பொருத்தும் எண்ணம் இல்லை, சிகிச்சை பெறாத நோயாளியாகக் கடைசிவரை இவருடைய இ.சி.ஜி.யை எடுத்து ஆடுகளோடு ஒப்பிடப் போகிறோம் என்றார். தன்னைச் சுட்டியதைப் பார்த்த அண்ணன், அவர்களைப் பார்த்துக் கைகூப்பினார். பிறகு என் பக்கம் குனிந்து, "இன்னா தங்கச்சி சொல்றாரு? எனுக்கு எப்பன்னு சொல்றாரா?" என்று கேட்டார். அந்த அறையில் எங்கள் தெருக்காரர்களில் ஆங்கிலம் புரிந்தவள் நான் ஒருத்தி. அப்புறம் சொல்கிறேன் அண்ணே என்றேன். இன்னும் சொல்லவில்லை.

9. மறுநாள் டாக்டர் அவர்களைத் தனியே கண்டு கேட்டேன். அவர் கோபப்படவில்லை. கறியாகப் போகிற ஆடுதானே என்றார். ஆம் ஐயா, திருவிழாவன்று அது கறியாகத்தான் போயிருக்கும்; கோயில் வாசலில் ஏழைகள் சாப்பிட்டிருப்பார்கள். அது செத்ததற்காக நான் இந்த மனுவை எழுதவில்லை. தவசிமுத்துவுக்குக் கொடுத்த வாக்கைப் பற்றிக் கேட்டபோது, "அவருக்கு வைத்தியம் செய்துவிட்டால் ஒப்பிட்டுப் பார்க்க நமக்கு யார் இருக்கிறார்கள்?" என்றார். படித்த பெண்ணான எனக்கு இது புரிய வேண்டும் என்றும் சொன்னார். எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் அவர். அவர் பேச்சை என் வாயால் தெருவுக்குக் கொண்டுபோனேன். என் வாய்ச்சொல் அவருக்குத் தேவைப்பட்ட அளவுக்கு என் படிப்பு தேவைப்படவில்லை என்று அன்று தெரிந்துகொண்டேன்.

10. தவசிமுத்து அண்ணன் வீட்டில் சொல்லத் தயங்கியதால், ஆடு இறந்ததை மட்டும் நானே அடைக்கலமேரி அக்காவிடம் சொன்னேன். திட்டுவார் என்று நின்றேன். "ஆடு போனா போவுது. அந்தோணியாருகிட்ட நான் பேசிக்கறேன். இவுருக்கு எப்ப மாட்டுவாங்க, அத்த சொல்லு" என்றார். தினமும் குழாயடியில் அதையே கேட்கிறார். நான் இப்போது வேறு தெருக் குழாய்க்குப் போகிறேன்.

ஆகவே, தங்கள் குழுவின் மானியத்தில் நடக்கும் இந்த நிலையத்தில் மேற்கண்டவை குறித்து நேரில் விசாரிக்க வேண்டுகிறேன். தவசிமுத்துவை ஒப்பீட்டுக்காக வைத்திருப்பதை உடனே நிறுத்தி, அவருடைய நிலையை அவருக்குத் தமிழில் சொல்ல ஆணையிட வேண்டுகிறேன். விசாரணையில் என் பெயரை மறைக்க வேண்டியதில்லை.

இன்னும் ஒன்று. கேட்கலாமா கூடாதா என்று தெரியாமல் இவ்வளவு தூரம் தள்ளிக்கொண்டே வந்துவிட்டேன். மனிதர்களுக்குப் பொருத்துவதற்கென்றே செய்யப்பட்ட கருவி ஒன்று, உறை பிரிக்காமல் நிலையத்து அலமாரியில் இருக்கிறது. அடுத்த ஆட்டுக்கு என்று ஒதுக்கியிருக்கிறார்கள். அது குழுவின் சொத்து. தங்கள் ஒரு கையெழுத்து இருந்தால் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடும். விசாரணை, கருவி இரண்டில் ஏதாவது ஒன்றுதான் முடியும் என்றால், விசாரணை வேண்டாம் ஐயா. டாக்டர் அவர்கள்மீது எழுதிய அத்தனையையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன். தவசிமுத்து அடுத்த முறை விழுவதற்குள் அந்தக் கருவியை அவருக்குப் பொருத்த உத்தரவிடுங்கள்.

இடம்: இராயபுரம்
நாள்: 10-6-1974

தங்கள் பணிவுள்ள,
அ. ஹில்டா