பூசைக்கு வைக்காத கைக்கடிகாரம்

மாப்பிள்ளை,

இன்று ஆயுத பூசை. வீடெல்லாம் பொரியும் சந்தனமும் மணக்கின்றன. பேரன் தன் மோட்டார் சைக்கிளுக்கு மாலை போட்டுவிட்டு, ஒரு தாம்பாளத்தில் தன் கைக்கடிகாரங்களை வரிசையாக வைத்தான். ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளி, ஒன்று கடலுக்குள் இறங்கினாலும் ஓடுமாம். "தாத்தா, ஒங்க வாட்ச்சயும் கழட்டிக் குடுங்க, பொட்டு வைப்போம்" என்று கை நீட்டினான். நான் கையைத் துண்டுக்குள் இழுத்துக்கொண்டேன். "இது வேணாம்ப்பா" என்றேன். ஏன் என்று அவனிடம் சொல்ல ஆரம்பித்தால் பூசை நேரம் தப்பிவிடும். அதனால் உனக்குச் சொல்கிறேன். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் அவன் பெண்டாட்டி. கையெழுத்து அழகாக இருந்தால் அது அவளுடையது.

ரங்கூனில் குண்டு விழுந்து, ஆட்களெல்லாம் காடும் மலையுமாக நடந்து வந்த காலம். அங்கே பிழைக்கப் போயிருந்த நீ எலும்பும் தோலுமாக வந்து கந்தர்வக்கோட்டைச் சந்தையில் என் வண்டிக்கு முன்னால் நின்றாய். எனக்கு அடையாளம் தெரியவில்லை. "என்ன மாப்ளே, மாட்ட மட்டுந்தான் தெரியுமா ஒனக்கு?" என்று கேட்ட பிறகுதான் தெரிந்தது. உடம்பில் உருப்படியாக இருந்தது, இன்று என் கையில் இருக்கும் இந்தக் கடிகாரம் ஒன்றுதான். கை மெலிந்துபோனதால் முழங்கை வரை ஏறி இறங்கியது.

நிலக்கடலை மூட்டைகளின் மேல் உட்கார்ந்து ஊருக்கு வரும் வழியில், துண்டால் அதை மூடி உள்ளே பார்க்கச் சொன்னாய். பார்த்தேன். பட்டப்பகலில், துண்டின் இருட்டுக்குள், எண்களின் இடத்தில் பச்சைப் பச்சையாக மின்மினிகள் வட்டமாக உட்கார்ந்திருந்தன. பிறகு காதில் வைத்தாய். நான் மாட்டைப் பிடித்து வண்டியை நிறுத்திவிட்டேன். இரும்புக்குள் இத்தனை சின்னதாக, இத்தனை விடாப்பிடியாக ஒன்று நடந்துகொண்டிருந்ததை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

அப்போதுதான் உன் அண்ணனைப் பற்றிச் சொன்னாய். ரங்கூன் அரிசி ஆலையில் வேலை பார்த்தபோது அவர் ஆசைப்பட்டு வாங்கியதாம். எழுத்தும் எண்ணும் தெரியாதவனுக்கு இது எதற்கு என்று நீ கேலி செய்ததற்கு, "மணி பாக்கவாடா வாங்குனேன்? காதுல வச்சுப் படுத்தா பக்கத்துல ஆளு இருக்க மாதிரி இருக்கு" என்றாராம். மலை வழியில் நடந்து வரும்போது அவருக்குக் காய்ச்சல் கண்டது. கூட்டத்தோடு நீ முன்னால் போ என்று சொல்லி, கடிகாரத்தைக் கழற்றி உன் கையில் கட்டினார். "காச்சல்ல நான் சாவி குடுக்க மறந்துருவேன். நீ நிக்க விடாத. பின்னாடியே வந்து வாங்கிக்கிறேன்."

இதை என்னிடம் மட்டும் சொன்னாய். உன் அம்மாவிடம் "அண்ணன் பின்னாடி வாரான்" என்பதோடு நிறுத்திக்கொண்டாய். அதிலிருந்து, எழுந்ததும் முகம் கழுவுவதற்கு முன்னால் சாவி திருகுவாய். அந்த நேரத்தில் யார் பேசினாலும் உனக்குக் காது கேட்காது.

ஊர் சும்மா இருக்குமா? "பொம்பள மாதிரி வளையல் போட்டுக்கிட்டு வாரான் பாரு" என்றார்கள். மணி கேட்டால் நீ முதலில் வானத்தைப் பார்ப்பாய், பிறகு கடிகாரத்தைப் பார்ப்பாய், "உச்சி சாயப் போகுது" என்பாய். "சூரியனக் கேட்டு வாட்ச்சுக்குச் சொல்ற ஆளு நீ ஒருத்தந்தாண்டா" என்று கொல்லர் சிரிப்பார். நீயும் சிரிப்பாய்.

அந்த வருஷத்து ஆயுத பூசையும் கொல்லர் பட்டறையில்தான் நடந்தது. நம் தெருவுக்கு அதுதானே வழக்கம்? கலப்பை, மண்வெட்டி, அரிவாள், என் வண்டியின் கடையாணி எல்லாம் கழுவிப் பொட்டு வைத்து வரிசையாகப் படுத்திருந்தன. மறுநாள் உச்சிப் பூசை முடியும்வரை எவரும் எதையும் தொடக் கூடாது. ஊருக்குத் தலைவரான அம்பலக்காரர் உன் கையைப் பார்த்தார். "இதுவும் ஆயுதந்தானப்பா. வையி."

நீ வைத்தாய். கண்ணாடியில் சந்தனம் வைத்தார்கள். சூடம் எரிந்து அடங்கி எல்லாரும் கண்மூடி நின்றபோது, அந்த அமைதியில் அது மட்டும் கேட்டது. டிக் டிக் டிக்.

"எல்லாம் ஓஞ்சு கெடக்கு, இது மட்டும் ஓயலையே" என்றார் கொல்லர். யாரும் சிரிக்கவில்லை.

"சாவி குடுக்கலன்னா நாளைக்குத் தானா நின்னுரும்" என்றார் அம்பலக்காரர். "நிக்கட்டும். பூச முடிஞ்சு ஓட்டிக்க. வேலை செய்யிற ஆயுதத்த இன்னிக்கி விட்டுவச்சா தெருவுக்கு ஆகாது."

உன் கண் என்னைத் தேடியது. நான் என் கடையாணியைப் பார்த்துக்கொண்டு நின்றேன், மாப்பிள்ளை. எடுத்தால் தெரு முழுக்கப் பகை; எடுக்காவிட்டால் அண்ணனுக்குக் கொடுத்த வாக்கு போய்விடும். கடைசியில் நீ தரையைப் பார்த்துக்கொண்டே, "நிக்க விடாதன்னு சொல்லிக் குடுத்தான், அம்பலம். வந்து வாங்கிக்கிறேன்னு சொல்லியிருக்கான்" என்றாய். காய்ச்சலையும் சொன்னாய்.

உன் அம்மா பெண்கள் பக்கம் நின்றிருந்தார். அழுவார் என்று நினைத்தேன். அவர் நேரே வந்து கடிகாரத்தை எடுத்தார். முந்தானையால் சந்தனத்தைத் துடைத்தார். காதில் வைத்தார். எவ்வளவு நேரம் அப்படி நின்றார் என்று சொல்லத் தெரியவில்லை.

"இது ஆயுதம் இல்லிங்க அம்பலம்" என்றார். "எம் மவன் நடந்து வாரான். காலு சத்தம் கேக்குது. நடக்கிறவன நிறுத்தச் சொல்லாதீங்க."

அம்பலக்காரர் அதைக் கையில் வாங்கவில்லை. குனிந்து, அம்மாவின் கையிலேயே காதை வைத்துக் கேட்டார். "நடக்கட்டும் ஆத்தா" என்றார். அதற்குப் பின் கொல்லர் வந்து கேட்டார், ஒவ்வொருவராகத் தெருவே வந்து கேட்டது. வளையல் என்று கேலி செய்தவனும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கேட்டான். நான் எத்தனையோ கோயிலுக்குப் போயிருக்கிறேன். அப்படி ஒரு வரிசையை எங்கும் பார்க்கவில்லை.

உன் அண்ணன் வரவில்லை. அம்மா இருந்தவரை தினமும் உன் மணிக்கட்டைப் பிடித்துக் கேட்டுவிட்டுத்தான் அடுப்பு மூட்டுவார். அவருக்குப் பின்னும் நீ விடவில்லை. புதுக்கோட்டைக் கடிகாரக் கடையில் திறந்து துடைக்கிற நேரம் மட்டும் அது நிற்கும். அப்போது நீ கடைக்குள் பார்க்காமல் ரோட்டையே பார்த்துக்கொண்டு நிற்பாய்.

உன் காரியம் முடிந்த மறுநாள் உன் மகள் இதைக் கொண்டுவந்தாள். "அப்பா ஒங்களுக்குத்தான் குடுக்கச் சொன்னாங்க, மாமா." வாங்கும்போதே ஓடிக்கொண்டிருந்தது. சாவு வீட்டிலும் அந்தப் பிள்ளை மறக்காமல் சாவி கொடுத்திருக்கிறாள்.

பச்சை வெளிச்சம் எப்போதோ அவிந்துவிட்டது. வாரும் கண்ணாடியும் எத்தனையோ முறை மாறிவிட்டன. இன்றைக்கும் எனக்கு மணி பார்க்கத் தெரியாது. எதற்கடா இத்தனை வாட்ச் என்று பேரனைக் கேட்டால், "சும்மா பாத்துக்கிட்டே இருக்கலாம் தாத்தா" என்கிறான். எனக்கு அது புரிகிறது.

இதைச் சொல்லி முடித்ததும் எழுதுகிற பிள்ளை பேனாவை வைத்துவிட்டு, "நானும் கேக்கவா தாத்தா?" என்றாள். கையை நீட்டினேன். கண்ணை மூடிக் கேட்டவள், "ஒரு ஆளு நடக்குற மாதிரி இல்லையே, ரெண்டு பேரு மாதிரி இருக்கே" என்றாள்.

மாப்பிள்ளை, காலையிலேயே சாவி கொடுத்துவிட்டேன். அண்ணனைக் கூட்டிக்கொண்டு மெதுவாகவே வா.