அப்பாவின் ‘மோசமில்ல’

அன்புள்ள அப்பாவுக்கு மகளின் வணக்கம். தையல் மிஷின் மிதித்து வந்த முழங்கால் வலி தேவலையா?

நேற்று வகுப்பில் ‘லைட்டோட்டீஸ்’ என்ற அணியை நடத்தினார்கள். எளிமை என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்ததாம். நேராகப் புகழாமல், எதிர்ச்சொல்லை மறுத்துப் புகழ்வது.

பேராசிரியை உதாரணம் கேட்டார். எனக்கு இந்தப் படிப்பில் இடம் கிடைத்த அன்று நீங்கள் தலைநிமிராமல், “மோசமில்ல” என்றீர்களே, அதைச் சொன்னேன். வகுப்பே சிரித்தது.

“அவ்வளவுதானா சொன்னார்?” என்று பேராசிரியை கேட்டார்.

அவ்வளவுதான். ஆனால் அன்று தைத்த சட்டைக்கு இடக்கையை வலப்பக்கம் வைத்துத் தைத்துவிட்டீர்கள். உங்கள் ஆயுளில் அப்படி நடந்ததே இல்லை. எப்பேர்ப்பட்ட ஆள் அப்பா நீங்கள்!

அடுத்து எனக்கு அனுப்பும் பார்சலில் உங்கள் பழைய சட்டை ஒன்றை வையுங்கள். எனக்குத் துணிக்குப் பஞ்சமில்லை, சும்மாதான்.

பகுதிநேர வேலைக்கு நேரமாகிவிட்டது. உங்களை நினைக்காமல் இல்லை.

மகள்