சோடா டப்பாச் சட்டம்

திங்கட்கிழமை, இஷா தொழுகைக்குப் பிறகு.

இன்று இருந்தவர்கள்: நான், இவர், மகள் ஷமீமா, தன் மகனுக்கு அவளைப் பெண் பார்க்க வந்த ஹாஜிரா.

ஷமீமா கண்காட்சியில் வாங்கிய மொராக்கோ படம் கூடத்தில் தொங்குகிறது. மருதாணிக் கையோடு ஒரு மணப்பெண். உடுத்தியிருப்பது, எங்கள் ஊர் லத்தா கடைத்தெருவில் விற்கும் போலிக் கைப்பைகளில் இருக்கிற அதே கம்பெனி முத்திரை போட்ட துணி. சட்டம் முழுக்க வெட்டி ஒட்டிய சோடா டப்பாக்கள். அந்த ஊர் டப்பா என்பதால் எழுத்து அரபு.

ஹாஜிரா பார்த்ததும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"மாஷா அல்லாஹ்! சுத்தி வர குர்ஆன் ஆயத்தா? இப்படி ஒரு வீட்டுப் பொண்ணைத்தான் தேடிக்கிட்டிருந்தேன்."

ஷமீமா தலைத்துணி முனையை வாயில் அடைத்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள். அதையும் வெட்கம் என்று ஹாஜிரா மெச்சினார். இவர் லப்பெத் தேயிலை ஊறல் தட்டை நீட்டி, "சாப்பிடுங்க, சாப்பிடுங்க" என்றார். எனக்கு அரபு எழுத்துக் கூட்டத் தெரியும். அது ஆரஞ்சு சோடாவின் பெயர். நானும் தட்டை அவர் பக்கமே தள்ளிவைத்தேன்.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "வெள்ளிக்கிழமை மகனைக் கூட்டியாறேன். மதரஸாவில ஓதினவன். படிச்சு அர்த்தமே சொல்லுவான்."

யா அல்லாஹ், உண்மையைச் சொன்னால் சம்பந்தம் போய்விடுமா? படத்தைக் கழற்றினால் ஆயத்து எங்கே என்பாரே. வியாழனுக்குள் எனக்கு ஒரு பதில் சொல்லிவிடு.